வெங்காய வேரில் ஒரு நூல் கணக்கு

"டீச்சர், ஒண்ணுமே அசையலையே?"

ஒரு கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, இன்னொரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டான் எட்டாம் வகுப்புப் பையன். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் முட்டி மோதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கண்ணாடித் தகட்டில் இருந்தது சின்ன வெங்காயத்தின் வேர் நுனி. செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு பொட்டு, சிலவற்றில் மட்டும் பொட்டுக்குப் பதிலாக நூல்பிசிறு. அவன் எதிர்பார்த்தது அதுவல்ல. புத்தகத்தில் அம்புக்குறி போட்டு ஒரு வட்டம் இரண்டாகிறதே, அது தன் கண் முன்னால் நடக்கும் என்று நினைத்து வந்திருந்தான்.

"அசையாதுடா. நேத்தே செத்துப்போச்சு. நாமதானே ஆல்கஹால்ல போட்டோம்."

"செத்ததை வச்சு, அது ரெண்டாச்சுன்னு எப்படி டீச்சர் சொல்றீங்க?"

முதல் தடவை இந்தக் கேள்வி வந்தபோது ஏதோ சொல்லிச் சமாளித்து அவனை அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. செல் பகுப்புப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி அதுதான். 1870களின் கடைசியில் ஜெர்மனியின் கீல் நகரில் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் ஃபிளெமிங் முன்னால் இருந்த சிக்கலும் அதுவே. அன்றிலிருந்து பாடத்தை நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

நம் வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பது வேறு. கரும்பலகையில் நான்கு வட்டங்கள் வரையப்படும். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். தேர்வில் 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று வரும். அழகாக வரைவார்கள், முழு மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஒருமுறை, நன்றாக வரைந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "செல் எதுக்கும்மா பிரியுது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "முதல்ல புரோஃபேஸ் வரும் டீச்சர்..." என்று ஆரம்பித்தாள். தப்பு அவளுடையது அல்ல. பெயரை முன்னால் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பெயரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இந்த நான்கு பெயர்களும் பாடத்தின் கடைசியில், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வந்தால் போதும் என்பது என் கட்சி.

முதல் நாள் 'எதற்கு' என்பதை மட்டும் பேசலாம். பிள்ளைகளில் பாதிப் பேர், உடம்பு வளர்கிறதென்றால் செல்கள் ஊதிப் பெருக்கின்றன என்றே நினைத்திருப்பார்கள். யானையின் செல் பெரிதாகவும் எலியின் செல் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு. யானையின் கல்லீரல் செல்லும் எலியின் கல்லீரல் செல்லும் ஏறத்தாழ ஒரே பருமன். யானையிடம் எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான்.

செல் ஏன் ஓர் அளவுக்கு மேல் பெருக்கக் கூடாது? தீபாவளிக்குக் குலாப் ஜாமூன் செய்யும் வீடுகளில் இதற்கு விடை இருக்கிறது. அவசரத்தில் உருண்டையைப் பெரிதாகப் பிடித்துவிட்டால் மேலே பாகு ஊறியிருக்கும், நடுவில் மாவு வெள்ளையாக இனிப்பே இல்லாமல் கிடக்கும். செல்லுக்கும் உணவு, ஆக்சிஜன் எல்லாம் மேல்தோல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். 1 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் பரப்பு 6, கொள்ளளவு 1. பக்கத்தை 2 சென்டிமீட்டர் ஆக்கினால் பரப்பு 24, கொள்ளளவு 8. வயிறு எட்டு மடங்கு பெருத்தது, வாய் நான்கு மடங்குதான் பெருத்தது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். கணக்கு ஆசிரியரும் சந்தோஷப்படுவார். பெருத்த செல்லுக்கு இரண்டாகப் பிரிவதுதான் வழி.

வளர்ச்சிக்கு மட்டுமா? முழங்காலில் சிராய்த்த இடம் மூடுவது, முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் துளிர்ப்பது, பல்லி விட்டுப்போன வால் மறுபடி முளைப்பது எல்லாம் இதே வேலை. நம் குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். அதற்குள் புதியவை வந்தாக வேண்டும். எலும்பு மஜ்ஜையில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் தயாராகின்றன. ஒரே ஒரு கருவுற்ற முட்டையிலிருந்து ஒரு ஆள் உருவாக எத்தனை முறை இரட்டிக்க வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் லட்சம், கோடி என்பார்கள். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையை நினைவூட்டிவிட்டு, கால்குலேட்டரைக் கையில் கொடுங்கள். 45 முறை இரட்டித்தாலே 35 லட்சம் கோடி வந்துவிடும். நம் உடம்பில் இருப்பதாகக் கணிக்கப்படும் செல்களும் அந்த அளவுதான். நடுவில் செத்துப்போகிறவையும், பிரிவதை நிறுத்திக்கொள்கிறவையும் உண்டு என்பதால் நிஜக் கதை இவ்வளவு நேர்க்கோடு அல்ல. ஆனாலும் 45 என்ற எண்ணைக் கேட்டதும் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும்.

இனிதான் விஷயமே. ஒரு செல்லை இரண்டாக்குவது பெரிய காரியமல்ல; சோப்புக் குமிழிகூட இரண்டாகும். உள்ளே இருக்கும் டிஎன்ஏவைப் பங்கு பிரிப்பதில்தான் தலைவலி. மனிதச் செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த எண்கள் எதையும் காட்டாது. அதனால் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிச் சொல்கிறேன்: டென்னிஸ் பந்துக்குள் 20 கிலோமீட்டர் நூல். மதுரையிலிருந்து திருமங்கலம் வரை போகும். தலைமுடியைவிட மெல்லிய நூல், 46 துண்டுகளாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. பந்து இரண்டாகும்போது இரண்டிலும் 46 துண்டும் முழுசாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் ஆபத்து. எப்படிப் பிரிப்பாய்?

இதை வாயால் கேட்பதோடு நிறுத்தாமல், கம்பளி நூலை வாங்கி வந்து செய்யச் சொல்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தட்டு, அதில் நான்கு நிறத்தில் ஆளுயரத்துக்கு நான்கு நூல்கள் கலந்து கிடக்கும். இரண்டு தட்டாக்க வேண்டும். இரண்டிலும் நான்கு நிறமும் முழு நீளத்தில் இருக்க வேண்டும். கத்தரிக்கோல் கிடையாது. அரை நிமிஷத்தில் குரல் வரும்: "அதெப்படி டீச்சர், ஒவ்வொண்ணுலயும் ஒண்ணுதானே இருக்கு? இன்னொரு செட் குடுங்க." நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. பிரிவதற்கு முன் நகல் எடுத்தாக வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது செட்டைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை. சிவப்பின் நகலைச் சிவப்போடு நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். மற்ற நிறங்களும் அப்படியே. நகல் எடுத்ததும் செல்லும் அதைத்தான் செய்கிறது, இரண்டு பிரதியையும் ஒட்டுப் புரதத்தால் கட்டியே வைத்திருக்கிறது. இனி எல்லாவற்றையும் மறுபடி கலந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்க வேண்டும். ஏன் கண்ணைக் கட்ட வேண்டும்? செல்லுக்குக் கண் கிடையாதே!

கூத்து ஆரம்பமாகும். சிக்கு விழும், சண்டை வரும், ஒருவன் பல்லால் கடித்து அறுக்கப் பார்ப்பான். ஏதாவது ஒரு குழுவில், பெரும்பாலும் வீட்டில் தையல் மெஷின் உள்ள பிள்ளை, நூலை விரலில் சுற்றிக் கண்டாக்க ஆரம்பிக்கும். சுற்றிவிட்டால் சிக்கு இல்லை. பிரியும் நேரத்தில் மட்டும் குரோமோசோம்கள் என்ற அந்த டிஎன்ஏ நூல்கள் தடித்துக் குட்டையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். மற்ற நேரத்தில் அவை எங்கும் போய்விடவில்லை. அவிழ்ந்து கிடப்பதால் நம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. குரோமோசோம் என்றால் எக்ஸ் எழுத்து வடிவம் என்று படம் பார்த்துப் பழகிய பிள்ளைக்கும் இங்கே விளங்கும். அந்த எக்ஸ் ஒரு குரோமோசோமின் நிரந்தர உருவம் அல்ல. நகல் எடுத்து, நடுவில் முடிச்சுப் போட்டு, இன்னும் பிரியாமல் நிற்கும் ஒரு நேரத்து உருவம்.

சரி, கண்ணில்லாமல் எந்தப் பிரதி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, முடிச்சுப் போட்ட ஜோடியில் ஆளுக்கொரு பிரதியைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்வேன். இருபுறமும் இழுபட்டால் நூல் விறைப்பாகும். இருவரும் தெரியாமல் ஒரே பக்கத்திலிருந்து இழுத்தால் தொய்வாக வந்துவிடும். கண் தேவையில்லை, விறைப்பே சொல்லிவிடும். செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் வரும் கதிர்க்கோல் இழைகள் இப்படித்தான் ஒவ்வொரு ஜோடியையும் பிடித்து இழுத்துப் பார்க்கின்றன. இருபுறமும் சமமாக இழுபடுகிற பொருள் நடுவில்தானே நிற்கும்? மெட்டாஃபேஸில் எல்லாம் நடுக்கோட்டில் அணிவகுப்பதற்கு வேறு மாயம் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. எல்லா ஜோடியும் சரியாகப் பிடிபடும் வரை செல் முடிச்சை வெட்டாது. நம் டவுன் பஸ் கண்டக்டர் கடைசி ஆள் படியில் ஏறும் வரை விசில் கொடுக்காமல் இருப்பதுபோல. பிடிபடாத குரோமோசோம் ஒன்றே ஒன்று இருந்தாலும் 'பொறு' என்ற சமிக்ஞை அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மொத்தச் செல்லும் காத்திருக்கும். கடைசி ஆளும் ஏறியாச்சு என்றதும் விசில். எல்லா ஜோடிகளிலும் ஒட்டுப் புரதம் ஒரே சமயத்தில் வெட்டுப்படும், பிரதிகள் இரு பக்கமும் விலகும். பிறகு நூல் அவிழும், உட்கரு உறை மூடும், செல் இரண்டாகும். விலங்குச் செல் நடுவில் இறுகி அறும். தாவரச் செல்லுக்குச் சுவர் இருப்பதால் இறுக முடியாது; நடுவில் புதுச்சுவர் எழுப்பிக்கொள்ளும்.

இப்போது பெயர்களைச் சொல்லலாம். நூலைச் சுற்றுவது புரோஃபேஸ், இழுத்துப் பார்த்து நிறுத்துவது மெட்டாஃபேஸ், வெட்டி விலகுவது அனாஃபேஸ், அவிழ்த்து மூடுவது டீலோஃபேஸ். நான்கும் நான்கு ஸ்டேஷன்கள் அல்ல, நிற்காமல் ஓடும் ஒரே ரயில். நாம் வசதிக்காகப் பெயர்ப்பலகை நட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் வரும் இன்டர்ஃபேஸைப் பழைய புத்தகங்கள் ஓய்வு நிலை என்று எழுதின. அநியாயம். நகல் எடுக்கிற வேலை முழுக்க அப்போதுதான் நடக்கிறது. கல்யாணம் ஒரு முகூர்த்தம், வேலை ஒரு மாதம் என்பது எந்த வீட்டுக்கும் தெரியும்.

ஃபிளெமிங்கிடம் திரும்புவோம். அவர் எடுத்துக்கொண்டது சாலமாண்டர் என்ற நீர்நிலவாழ் உயிரியின் குஞ்சுகள். அவற்றின் செல்கள் பெரியவை, குரோமோசோம்களும் பெரியவை. அப்போது புதிதாக வந்திருந்த சாயங்களை அவற்றில் ஏற்றினார். உட்கருவில் ஒரு பொருள் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டது. சாயமேற்றிய செல் செத்த செல். ஒவ்வொன்றும் ஒரு நிழற்படம். ஒன்றில் சிக்கல் நூல், ஒன்றில் நடுவில் வரிசை, ஒன்றில் இரண்டு கொத்து. எது முன், எது பின் என்று அந்தப் படங்களை அடுக்கி ஒரு கதையாக்கினார். உயிருள்ள செல்களையும் பார்த்து, அடுக்கு சரிதானா என்று ஒத்துப்பார்த்தார். நூல்கள் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்திருப்பதையும் கவனித்தார். எல்லாவற்றையும் சேர்த்து 1882இல் புத்தகமாக வெளியிட்டு, இந்த நிகழ்வுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் நூல். குரோமோசோம் என்ற சொல்கூட அப்போது கிடையாது; அது 1888இல் வால்டேயர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் தந்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மைட்டாசிஸை இழையுருப் பிரிவு என்கின்றன. கிரேக்கச் சொல்லின் உயிர் அப்படியே தமிழில் இருக்கிறது. நம் புத்தகங்கள் மைட்டாசிஸ் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றன. ஒலிபெயர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகள் மேல்வகுப்பில் அதைத்தான் படிக்கப்போகிறார்கள். ஆனால் இழை என்ற சொல்லை ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லிவிடுங்கள். கதிர்க்கோல் என்பதும் அப்படியே. நூற்கும் ராட்டையில் நூல் சுற்றும் கம்பிக்குக் கதிர் என்று பெயர். நூல் சுற்றிய கதிர் நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கி இருக்கும். செல்லுக்குள் இழைகள் நிற்கும் உருவமும் அதேதான். தக்ளி நூற்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதே இருந்திருக்காது.

இனி வெங்காயம். ஏன் வெங்காயம் என்றால், குரோமோசோம் 16தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு. நம்மைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு டிஎன்ஏ வெங்காயத்திடம் இருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்பு நம்பாது. 'அப்போ வெங்காயம் நம்மளைவிட அறிவாளியா?' என்று கேட்கும். டிஎன்ஏ அளவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. குரோமோசோம் எண்ணிக்கைக்கும் இல்லை. உருளைக்கிழங்குக்கு 48, நமக்கு 46. நாய்க்கு 78. இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 மட்டுமே.

சின்ன வெங்காயத்தின் அடியில் காய்ந்த பழைய வேரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளர் வாயில் உட்காரவைக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வெட்டினால்தான் பிரியும் செல்கள் நிறைய அகப்படும். மத்தியானம் வெட்டிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று வெங்காயத்தைத் திட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. வெட்டிய வேரை மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் ஒரு நாள் ஊறவிட்டால் செல்கள் அந்தந்த நிலையிலேயே உறைந்துவிடும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, அசிட்டோகார்மைன் சாயம் இரண்டு மூன்று சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசான சூடு, கொதிக்கக் கூடாது. அமிலமும் தீயும் ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மில்லிமீட்டர் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட்டு, கவர் ஸ்லிப் போட்டு, வடிதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக ஒரு அழுத்து. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாம் பாழ். அப்பளம் தேய்ப்பதுபோல் அழுத்துகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

கார்மைன் ஒரு பூச்சிச் சாயம். சப்பாத்திக்கள்ளியில் வாழும் காச்சினில் பூச்சியிலிருந்து எடுப்பது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இந்தப் பூச்சியை வளர்ப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். வகுப்பில் இதைச் சொன்னால் பாடம் அரை மணி நேரம் திசைமாறும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

தகடு தயாரானதும் பார்த்தாயா, வரைந்தாயா என்று முடித்துவிடாதீர்கள். எண்ணச் சொல்லுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் தூங்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரை ஒரே ஒரு போட்டோ எடுக்கிறோம். அதில் மூன்றில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால், அந்த ஊர்க்காரர் நாளில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? எட்டு என்று உடனே பதில் வரும். வேர் நுனியும் அப்படி ஒரு ஊர்தான். ஒரு பிள்ளை 200 செல் எண்ணி, அதில் 20 பிரிந்துகொண்டிருந்தால், செல் தன் சுற்றில் பத்தில் ஒரு பங்கு நேரத்தைத்தான் பிரிவதற்குச் செலவிடுகிறது என்று அர்த்தம். காலையில் பிரிவு கூடுதல் என்பதால் கணக்கு கச்சிதமாக இருக்காது, பரவாயில்லை. 'செத்ததை வச்சு எப்படிச் சொல்றீங்க?' என்று கேட்டவன், செத்த செல்களை வைத்தே உயிருள்ள செல்லின் நேரத்தை அளந்துவிட்டான். அனாஃபேஸ் செல் அகப்படுவதே அரிது என்று புலம்புவான். ஏன் அரிது என்று அவனையே கேளுங்கள்.

எண்ணுவது சாதாரண வேலையல்ல. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் எண்ணிச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் 48தான். செல்லை நீர்த்த கரைசலில் ஊதவைத்துக் குரோமோசோம்களைப் பரப்பும் உத்தியை 1952இல் வெளியிட்ட டி. சி. சூவும், அவ்வளவு தெளிவாகப் பார்த்தும், 48 என்றே எழுதினார். புத்தகம் சொன்னது கண்ணை மறைத்துவிட்டது. 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ எண்ணிப் பார்த்தார். எத்தனை தரம் எண்ணியும் 46தான் வந்தது. அவரும் சக ஆய்வாளர் லெவானும் 1956இல் அதை வெளியிட்டார்கள். புத்தகத்தில் 16 என்று போட்டிருக்க, தனக்கு 14தான் தெரிகிறது என்று தயங்கி நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்வேன். அவன் எண்ணிக்கை தவறாகத்தான் இருக்கும். இருந்தாலும் 14 என்றே எழுதச் சொல்வேன்.

சியோவும் லெவானும் குரோமோசோம்களைத் தெளிவாகப் பார்க்கப் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று கால்ச்சிசின். அது கதிர்க்கோல் இழை உருவாவதைத் தடுக்கும். இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் சுற்றிய நூலாக அப்படியே நின்றுவிடும், எண்ணத் தோதாக. இந்தக் கால்ச்சிசின் நிறைய இருப்பது நம் மாநில மலரான செங்காந்தளில். திண்டுக்கல், கரூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பந்தலிட்டு வளர்த்து விதையை விற்கிறார்களே, அது இதற்காகத்தான். கடும் நஞ்சு என்பதால் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த இ. கே. ஜானகி அம்மாள் பிற்பாடு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதும் இதே கால்ச்சிசினைக் கொண்டுதான். சாகுபடித் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து அவரும் சக ஆய்வாளர் டார்லிங்டனும் 1945இல் வெளியிட்ட நூல் அந்தத் துறைக்கே கைவிளக்காக இருந்தது.

இன்னொரு செடி, வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணி. அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் கதிர்க்கோலைத்தான் குலைக்கின்றன. விசில் வராது, செல் பிரியாது. நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போகும் செல்கள்தான் புற்றுநோய் என்பதால், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் முக்கிய மருந்தாக இருக்கிறது. ஒருமுறை இதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்க ஆச்சிக்கு மருந்து ஏத்தினாங்க டீச்சர். முடி ஏன் கொட்டிச்சு?" வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. பதிலை நான் சொல்லவில்லை. "முடி வளருதுன்னா அங்க என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். "பிரியுது," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதையும் நிறுத்திடுதா?" என்றாள்.

ஆமாம். முடியின் வேரில் இருப்பவை உடம்பிலேயே வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று தெரியாது. பிரிகிற செல் என்றுதான் தெரியும். மருந்து நின்றால் பெரும்பாலும் முடி திரும்ப வரும் என்பதையும் அவளிடம் சொன்னேன்.

விந்து, முட்டை போன்ற பாலணுக்களை உண்டாக்கும் மியாசிஸ் பிரிவை அதே வாரத்தில் எடுக்காதீர்கள்; இரண்டும் கலந்து எட்டு வட்டமாகி, பிள்ளைகள் இரண்டையும் தொலைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வாழைப்பழத்தோடு ஆரம்பியுங்கள். வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவது மைட்டாசிஸைத்தான். தாயின் பக்கக்கன்று தாயின் அச்சு. பூவனும் ரஸ்தாளியும் ஏன் விதை வைப்பதில்லை? அவற்றின் குரோமோசோம் 33, பதினொன்று பதினொன்றாக மூன்று செட். பாலணு உண்டாக்கும்போது ஜோடி சேர்த்து ஆளுக்கொன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்றை எப்படி ஜோடி சேர்ப்பது? கோயில் வாசலில் மூன்று ஒற்றைச் செருப்பைக் கொடுத்து ஜோடி போடச் சொன்ன கதைதான். விதை உருவாகாததற்கு இது முக்கியமான காரணம். நமக்கு 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எது போகும் என்பது பூவா தலையா. இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608, ஏறக்குறைய 84 லட்சம் வகைப் பாலணுக்கள். எண்பத்து நான்கு லட்சம் என்றதும் யாருக்காவது பழைய யோனி பேதக் கணக்கு ஞாபகம் வந்து, 'அன்றே சொன்னார்கள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோன்றலாம். வேண்டாம், தற்செயல்.

ஆய்வகம் இல்லாத பள்ளிகள் நிறைய. நூலும் தட்டும் இருந்தாலே பாடத்தில் முக்கால்வாசி நடந்துவிடும். நுண்ணோக்கி ஒன்றே ஒன்று பூட்டிய அலமாரியில் இருந்தாலும் அதை வெளியே எடுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் தொடாமல் வைத்திருப்பதால்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விடும்போது வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டுப் போனால், திங்கள் அல்லது செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வேரை வெட்டலாம், மறுநாள் பார்க்கலாம். நான்கு டம்ளராக வையுங்கள். ஒன்றில் வேர் வராது, இன்னொன்றை யாராவது தட்டிவிடுவார்கள்.